காகிதத்தில் ஐம்பத்தைந்து

அது 1962ஆம் ஆண்டு. சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் இரண்டு அறைகள் எடுத்துக் குடியிருந்தோம். என் கணவர் துறைமுகத்துக் கிட்டங்கி ஒன்றில் மண்டோர். மூட்டை சுமக்கும் ஆட்களை வேலை வாங்குவது அவர் பொறுப்பு. ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "அடுத்த வருஷத்தோட என்னை அனுப்பிடப் போறாங்க. எனக்கு ஐம்பத்தஞ்சு முடியுதாம்" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவருக்கு அப்போது ஐம்பதுதான் ஆகியிருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தபோதே அவருடைய சரியான வயது எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஆபீசுக்குத்தான் தெரியாது.

பதினாலு வயதில் அண்ணனோடு கப்பலேறி வந்தவர் அவர். சின்னப் பையன்களை எடுக்க மாட்டோம் என்று கிட்டங்கியில் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் அவரை முன்னால் தள்ளி, "பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க" என்றிருக்கிறார். பையன் உயரமாக இருந்ததால் அதையே எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த நாலு வயது சோறு போட்டது. இப்போது அதே நாலு வயது வேலையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது.

சிரிப்பு அடங்கியதும் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பெண் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். பையன்கள் இருவரும் சின்னவர்கள். சம்பளத்தில் சேமநிதி பிடிக்க ஆரம்பித்தே சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன் சம்பாதித்ததெல்லாம் ஊருக்கு மணியார்டராகவும் வீட்டு வாடகையாகவும் போய்விட்டது. ஆபீசில் எழுதிய வயதை மறந்து, இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறதே, மெதுவாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருவருமே இருந்தோம்.

வயதைத் திருத்த முடியுமா என்று கேட்க ஆபீசுக்குப் போனார். நானும் கூடப் போனேன். பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"திருத்தலாம். ஆனா அண்டைக்குப் பொய் சொன்னனான் எண்டு நீர் எழுதித் தரவேணும். பிறகு வேலை முடிய உமக்கு வாற இனாம் காசுக்கும் கரைச்சல் வரும். பேசாமல் விடுறதுதான் நல்லது."

இவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

கையில் ஒரு வருஷம் இருந்தது. ஓர் அறையைக் காலி செய்து, பேருந்து ஓட்டுநர்களான இரண்டு தனியாட்களுக்கு வாடகைக்கு விட்டோம். நாங்கள் ஐந்து பேரும் ஒரே அறைக்குள் வந்தோம். தேக்கா பாசாரில் அரைத்த மசாலா விற்ற ஒரு அக்காவுக்கு நான் வீட்டிலேயே மிளகாயும் மஞ்சளும் அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். கை எரிச்சலில் சோறு பிசைய முடியாது, கரண்டியால்தான் சாப்பிடுவேன். பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

இவருக்குத்தான் கஷ்டம் அதிகம். மண்டோராக இருந்தவர் ஜாகா வேலைக்கு, அதாவது காவல் வேலைக்குப் போவதா என்று குமைந்தார். கடைசியில் காலாங் ஆற்றோரம் ஒரு மரம் அறுக்கும் ஆலையில் போய்க் கேட்டார். சீன முதலாளி மலாயில் வயது என்ன என்று கேட்டிருக்கிறார். ஐம்பத்தொன்று என்று இவர் சொல்ல, பார்த்தால் வயது கூடுதலாகத் தெரிகிறதே என்று சந்தேகப்பட்டாலும் அவர் ஜாகாவாகச் சேர்த்துக்கொண்டாராம். வேலை கேட்ட இடத்தில் உண்மை வயதைச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதையும் நம்பவில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னார். வெகுநாள் கழித்து அன்றுதான் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

கிட்டங்கி வேலை முடிந்ததும் சேமநிதிப் பணமும் இனாமும் மொத்தமாகக் கைக்கு வந்தன. அவ்வளவு பணத்தை நாங்கள் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. பெண்ணுக்கு ஒரு சங்கிலியாவது வாங்கி வைக்கலாமே என்று எனக்கு இருந்தது. இவர் அதற்கும் ஒப்பவில்லை.

"இது ஐம்பத்தஞ்சு வயசு ஆளுக்குக் குடுத்த காசு. அந்த ஆளு இன்னும் வரல. வர்ற வரைக்கும் தொட வேணாம்."

மறுநாளே தபாலாபீஸ் சேமிப்பில் போட்டுவிட்டு வந்தார்.

அந்த வருஷம் முடிவதற்குள் ஜொகூரிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். அவரும் வேலையை விட்டு ஊருக்குத் திரும்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, ஊரில் ஆற்றுப் பாசனத்தில் நல்ல நிலம் ஒன்று விலைக்கு வருகிறது, தன் பணம் பாதிக்குத்தான் காணும், மீதியைத் தம்பி போட்டால் இருவர் பெயரிலும் வாங்கலாம் என்றார். "வருஷா வருஷம் நெல்லு வரும் தம்பி. வயசான காலத்துல அதுதான் கைகொடுக்கும்" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இவரை இந்த ஊருக்குக் கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்துவிட்டவரே அவர்தான்.

இவர் தலையைக் குனிந்தபடி சொன்னார். "அண்ணே, அன்னிக்கு நீங்க எனக்கு நாலு வயசு கூட்டிக் குடுத்தீங்க. அதுல முப்பத்தஞ்சு வருஷத்துக்கும் மேல சாப்பிட்டேன். இப்ப அந்த நாலு வருஷத்த நான் ஜாகா வேலை பாத்துக் கழிச்சிட்டிருக்கேன். இந்தக் காசு அதுக்கப்புறத்துக்கு. உடம்பு முடியாமப் போனா எனக்கு வேற எதுவும் இல்லண்ணே."

அண்ணன் எழுந்து கை கழுவினார். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அவர் படியிறங்கிப் போன பிறகு இவரும் சாப்பிடவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

சில மாதம் கழித்து அண்ணன் கப்பலேறியபோது வழியனுப்பப் போனோம். பேசுவாரோ மாட்டாரோ என்று பயந்துகொண்டேதான் போனேன். அவர் இவர் தோளில் கைபோட்டு, "கோவமெல்லாம் இல்லடா. கேட்டா நீ குடுத்துருவேன்னு நெனச்சேன், அவ்வளவுதான்" என்றார். இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் தன் கைப்பணத்துக்குக் கிடைத்த அளவு நிலத்தை வாங்கினார். அது நன்றாகவே விளைந்தது. அவர் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

1967இல் இவருக்கு நிஜமாகவே ஐம்பத்தைந்து முடிந்தது. அதற்குச் சில மாதம் முன்பிருந்தே பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. ஆலைக்குள் வருவது லாரியா ஆளா என்று தெரியாமல் ஒரு நாள் தடுமாறியிருக்கிறார். முதலாளி மரியாதையாகச் சொல்லித்தான் அனுப்பினார். அதன் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. அந்த மாதம்தான் தபாலாபீஸ் பணத்தில் முதன்முதலாகக் கை வைத்தோம். மாதா மாதம் கொஞ்சமாக எடுத்தோம். என் மசாலாக் காசும் அறை வாடகையும் சேர்ந்து குடும்பம் நடந்தது. மூத்த பையன் படித்து முடித்து முதல் சம்பளம் கொண்டுவந்தபோது பணம் இன்னும் தீரவில்லை.

வயதான காலத்துக்கு எப்படிச் சேர்த்தீர்கள் என்று இப்போது பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். மிளகாய் அரைத்ததையும் அறையை வாடகைக்கு விட்டதையும் சொல்வேன். சேர்ப்பது அவ்வளவு கடினமில்லை. பாசமுள்ள ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்கும்போது, இல்லை என்று சொல்லிவிட்டு அந்த வேதனையையும் தாங்கிக்கொண்டு இருப்பதுதான் கடினம் என்பதை அன்று என் கணவரைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.