நனைய வேண்டிய பலகை

எட்டு வருஷம் ஒரே கண்ணாடித் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் அலுத்துப்போகும். எனக்கு ஐந்தாம் வருஷமே அலுத்துவிட்டது. மீதி மூன்று வருஷமும் வெறும் வீம்பு.

பெரோவ்ஸ்கைட் என்று ஒரு படிகம். கரைசலாக்கிக் கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் பூசினால் வெயிலை மின்சாரமாக்கும். வீட்டு மாடிகளில் இருக்கிற சிலிக்கான் தகடுகளைப் போல அதை உலையில் உருக்க வேண்டியதில்லை, செலவும் குறைவு. எல்லாம் சரி, ஆயுள்தான் கிடையாது. ஈரக் காற்று பட்டால் கரும்பழுப்பாக இருக்கிற படலம் மஞ்சளடித்துச் செத்துப்போகும். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் வீட்டு உப்பு ஜாடி கசிகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஈரம் ஆகாத ஒன்றை ஆராய்ச்சி செய்யக் கிளம்பினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் நான்கு வருஷம் திறனைக் கூட்டுவதில் போயிற்று. நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் ரப்பர் கையுறையில் கையை விட்டு, நாள் பூராவும் நின்றுகொண்டே பூசுவேன். வீட்டுக்கு வந்தால் விரல் ஊறிச் சுருங்கியிருக்கும். திறன் கொஞ்சம் கூடியது. அடுத்த நான்கு வருஷம் ஆயுளைக் கூட்டுவதில். ஈரத்தைத் தடுக்க ஒரு மேல்பூச்சு கண்டுபிடித்தேன். ஆய்வகத்து ஈர அறைக்குள் அது நன்றாகவே தாங்கியது. என் வழிகாட்டிப் பேராசிரியர் மட்டும் ஒப்பவில்லை. டெல்டா வெயிலிலும் மழையிலும் மூன்று மாதம் வெட்டவெளியில் நிற்கட்டும், அப்புறம் பேசலாம் என்றார். எனக்குக் கிடைத்திருந்ததோ கடைசி நீட்டிப்பு. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும் என்று கடிதத்தில் கறாராகப் போட்டிருந்தார்கள்.

பல்கலைக்கழக மாடியில் குரங்குத் தொல்லை. பூசிய கண்ணாடித் துண்டுகளைப் பதித்து முதலில் வைத்த பலகையை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து முகம் பார்த்தது. அதனால் பூதலூர்ப் பக்கம் இருக்கிற என் மாமனார் வீட்டு மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தேன். பலகையில் பாதித் துண்டுகள் மேல்பூச்சு உள்ளவை, பாதி ஒப்பிட்டுப் பார்க்க, பூச்சு இல்லாதவை. நானும் கணவரும் டவுனில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பலகையை எடுத்துவந்து, திங்கட்கிழமை ஆய்வகத்தில் அளந்து, சாயங்காலம் பஸ்ஸில் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுவேன்.

மாமனார் விவசாயி. பேச்சு கம்மி. பலகையை வைத்த அன்று, இது என்னம்மா என்று கேட்டார். கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நீட்டி முழக்கினேன். கடைசியில், இதுக்கு ஈரம்தான் மாமா ஜென்ம எதிரி என்று முடித்தேன். அந்த எதிரியோடு மோத விடத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன, வாய் தேய்ந்தா போயிருக்கும்? ஈரப்பதம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லில் ஈரம் கூடுதல் என்று சொல்லிவிட்டால், திரும்பவும் ரோட்டில் கொட்டிக் காயவைக்கிற மனுஷர். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மூன்று மாதமும் பலகை அசரவில்லை. முதல் நாள் கொடுத்த மின்சாரத்தில் பெரும்பங்கைக் கடைசி வாரமும் கொடுத்தது. பூச்சு இல்லாதவைகூட வழக்கத்தைவிட மெதுவாகத்தான் செத்தன. அப்போதே உறைத்திருக்க வேண்டும். எட்டு வருஷம் காத்துக் கிடந்தவளுக்கு நல்ல சேதி வரும்போது எங்கே உறைக்கும்? பேராசிரியர் முதல் தடவையாகச் சிரித்தார். நான் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுத ஆரம்பித்தேன்.

கடைசி அளவுக்காகப் பலகையை எடுக்க ஒரு புதன்கிழமை பகலில் போனேன். அறுவடை முடிந்த சமயம். தெருவே நெல்லாகக் கிடந்தது. நான் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஆளாளுக்கு நெல்லைக் குவிக்க ஓடினார்கள். என் மாமியார் ஒற்றை ஆளாகத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார். மாமனாரைக் காணோம். நிமிர்ந்து பார்த்தால் மாடியில் நிற்கிறார். பலகையைச் சுற்றி நாலு செங்கல், அதன்மேல் குறுக்கே இரண்டு மூங்கில், அதற்கு மேல் கண்ணாடியில் படாமல் ஒரு நீலத் தார்ப்பாய். ஓரங்களில் கல் வைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் இறங்கி வந்தார். அதற்குள் அவருடைய நெல்லில் பாதி நனைந்துவிட்டது.

“ஒரு சொட்டு விழ விட்டதில்லம்மா இதுவரைக்கும். பனிக்குக்கூட பொழுது சாஞ்சா மூடிடுவேன்.”

நெல் நனைகிறதே மாமா என்றேன்.

“நெல்ல மறுபடி காயவச்சுக்கலாம். இது உன் படிப்பாச்சே.”

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவர்மேல் எப்படிக் கோபப்பட முடியும்? மழை நிற்கும்வரை கூடத்தில் உட்கார்ந்து, அத்தை கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, பலகையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கணவரிடம் மட்டும் சொன்னேன். பேராசிரியரிடம் சொல்லவில்லை. மறுபடி மூன்று மாதம் வைக்க நாள் இல்லை. பூச்சு உள்ளவை பூச்சு இல்லாதவற்றைவிட நன்றாகத்தானே நின்றன, அது பொய்யில்லையே என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். ‘மழையிலும் பனியிலும் திறந்தவெளியில் வைக்கப்பட்டது’ என்று அத்தியாயத்தில் ஒரு வரி இருந்தது. கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் வந்தால் வேகமாகத் தள்ளிவிட்டுக் கீழே போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூதலூர் போவதையும் நிறுத்தினேன். அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

மூன்று வாரம் போயிற்று. மருமகள் ஏன் வருவதில்லை என்று மாமனார் மகனைக் குடைந்திருக்கிறார். பொறுக்காமல் என் கணவர் போட்டு உடைத்துவிட்டார்.

கெடு முடிகிற வாரத்தின் செவ்வாய்க்கிழமை, நான் பேராசிரியர் அறையில் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவருகில் சலவை வேட்டியும் சட்டையுமாக மாமனார் நின்றார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். பேராசிரியர் நாற்காலியைக் காட்டினார், உட்காரவில்லை.

“மூடினது நான்தாங்க. ஈரம் ஆவாதுன்னு இது சொன்னத நான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். நனையணும்னு தெரியாம போச்சு. இது மேல தப்பு இல்லீங்க.”

பேராசிரியர் அவரிடம் ஒன்றொன்றாக விசாரித்தார். எந்த மழைக்கு மூடினீர்கள் என்றதற்கு, எல்லா மழைக்கும்தான் என்றார் மாமனார். பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

“உனக்கு எப்பம்மா தெரியும்?”

“மூணு வாரமாச்சு சார்.”

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடாதா என்றிருந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாமனாருக்கு டீ வரவழைத்து, உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை ஐயா என்று தமிழில் சொன்னார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: இந்த அத்தியாயத்தில் நான் கையெழுத்துப் போட முடியாது. இது இல்லாமல் ஆய்வேடு நிற்காது. வெள்ளிக்கிழமையோடு உன் பதிவு முடிகிறது, அதற்கு மேல் என் கையில் ஒன்றுமில்லை. நான் அத்தியாயத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மாமனார் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். வல்லம் பக்கமிருந்து வந்த வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அவர் முகம் தெளிந்திருந்தது. உன் வாத்தியார் தங்கமான மனுஷர் என்றார். நிறுத்தத்தை நெருங்கும்போது கேட்டார்.

“இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரே, சரியாயிடுச்சாம்மா?”

“சரியாயிடுச்சு மாமா.”

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“அடுத்த பலகைய எப்பம்மா கொண்டாருவ? இந்தத் தடவ என்ன மழை அடிச்சாலும் கிட்டயே போவ மாட்டேன்.”

“ஞாயித்துக்கெழம கொண்டாறேன் மாமா” என்றேன்.