ஜீப் என்று நான் எழுதிய கேலக்ஸி

ஊட்டியில் ஒரு மலைச்சரிவில் இருந்த ரேடியோ தொலைநோக்கியில் வேலை பார்த்தேன். நிலா ஒரு விண்பொருளை மறைத்து விலகும்போது அதன் ரேடியோ அலை நின்று திரும்பும். அப்போது காகிதச் சுருளில் கோடு வரையும் முள் இறங்கி ஏறும். பகலோ பனிமூட்டமோ இதற்குத் தடையில்லை.

ஒரு மத்தியானம், ஒன்றுமே இல்லையென்று நினைத்திருந்த திசையில் நிலா கடந்தபோது முள் மெல்ல இறங்கி ஏறியது.

“எஸ்டேட் ஜீப்புங்க. இன்ஜின் பொறி,” என்றேன். கீழே ஜீப் போனால் அதன் இன்ஜினில் எழும் மின்பொறியால் முள் ஆடுவது வழக்கம்தான்.

“ஏனுங்க, இன்னைக்கு எஸ்டேட் லீவு. ஜீப்பு மட்டும் தனியா வேலைக்கு வந்துருச்சுங்களா?” என்றார் உடனிருந்த பெண் ஆய்வாளர்.

அவர் சொன்னது சரியென்று எனக்குத் தெரியும். ஆனாலும் மூத்தவன் என்ற திமிரில், சுருளில் ‘ஜீப்’ என்று எழுதிவிட்டேன்.

பிறகு வெளிநாட்டு வானியலாளர்கள் அதே இடத்தில், சுருள் கைகள் இல்லாத, லென்ஸ் போன்ற ஒரு தொலைதூர கேலக்ஸியைக் கண்டறிந்தார்கள். அந்தப் பெண் ஆய்வாளருக்குக் கிடைக்க வேண்டிய பெருமையை நான் கிடைக்காமல் செய்திருந்தேன். குன்னூரில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“அன்னைக்கு ரொம்ப அழுதனுங்க,” என்றார். பிறகு, “நிலா மறுபடி அந்தப் பக்கம் வருமுங்களே. அப்ப பாத்துக்கலாம்.”

நிலாவின் பாதை மெல்ல விலகிவிடுவதால், அது அதே இடத்துக்கு மறுபடி வரப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இருவருக்கும் தலை நரைத்திருந்தது. முள் முன்பைவிடத் தெளிவாக இறங்கி ஏறியது.

“ஜீப்புங்களா?” என்று கேட்டார்.

பென்சிலை அவரிடம் நீட்டினேன்.

“நீங்களே எழுதுங்க,” என்றேன்.