தாள் இல்லாத தேனடை

ஓசூரில் இப்போது நான் வேலை செய்யும் டீக்கடைக்கு ஒருவர் கொண்டுவந்த தேனில், அடை எடுக்கும்போது தேனீக்களை அடக்கப் போடும் தேங்காய்நார்ப் புகையின் வாசனை இருந்தது. அந்த வாசனையில் வெள்ளிமலைச் சரிவும், எங்கள் குடிசையும், பின்னால் கடுக்காய் மரத்தடியில் நின்ற நான்கு தேன்பெட்டிகளும், ராகி தீர்ந்த மாதங்களில் அந்தத் தேனை விற்று அரிசி வாங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அங்கே இப்போது தார்ச்சாலை போகிறது.

அடைக்கு அடித்தளமாகச் சட்டத்தில் பொருத்தும் மெழுகுத் தாள் வாங்க வசதியில்லாமல் அம்மா பெட்டிக்குள் வெறும் மரச்சட்டங்களைத்தான் வைப்பாள். தேனீக்களே முழு அடையையும் கட்டிக்கொள்ளும், அதை அறுத்துத் துணியில் பிழிவோம். ஒருமுறை அப்பா சின்னசேலத்திலிருந்து அடையைச் சுழற்றித் தேனைப் பிரிக்கும் டிரம்மை இரவல் வாங்கிவந்து, ஒரு பெட்டியின் தேனடைகளோடு தேனீக்களின் குஞ்சுப் புழு இருந்த அடைகளையும் சேர்த்துப் போட்டு வேகமாகச் சுற்றினார்.

“இன்னாய்யா, ராட்டினமா சுத்திகினு கீற? தாளு இல்லாத அடை, ஒடஞ்சிடும்” என்றாள் அம்மா.

“நீ சும்மா இரு. உனுக்கு இன்னா தெரியும்?”

அடைகள் உடைந்து தேனும் புழுவும் கலந்தன. புழு செத்தால் தேனீக்கள் பெட்டியை விட்டுப் போய்விடும். அம்மா புழு இருந்த துண்டுகளைப் பொறுக்கி, ஈர வாழைநாரால் சட்டத்தில் கட்டி உள்ளே வைத்தாள்.

மூன்று நாள் அப்பா பெட்டியில் காதை வைத்தபடியே கிடந்தார், சாப்பிடக்கூட வரவில்லை. நான்காம் நாள் காலை, அடையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்ட தேனீக்கள் வாழைநாரைக் கடித்து வாசல் வழியே வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.

“வூடு பெருக்குதுங்க, இனிமே எங்கயும் போவாதுங்க” என்றாள் அம்மா. “எயுந்து வந்து கூழு குடி.”