ஸ்காலர்ஷிப்பும் ஒரு கல்யாணப் பேச்சும்

இன்று பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்து வீட்டு லில்லி அக்காவுடன் உட்கார்ந்திருந்தேன். அவர் மகள் ஜெபா சிறுபான்மையினர் ஸ்காலர்ஷிப்பில் எம்.எஸ்சி. படிக்கிறாள்.

முன் சீட்டிலிருந்த அக்காவின் நாத்தனார் திரும்பினார்.

"மைனி, திருப்புறத்துல நல்ல பையன் உண்டு. ஜெபாவக் கேட்டு ஆளு விட்டிருக்கு. ஆனா கெட்டினா பின்ன பிள்ள படிக்கப் போகண்டாமாம்."

அக்கா அவசரப்படாமல் சொன்னார்.

"அது நடக்காது மக்கா. ஸ்காலர்ஷிப்புல படிக்கிற பிள்ளைய, படிப்பு தீரும் முன்ன கெட்டிக் குடுக்கப்பிடாது. சர்க்கார் சட்டமாக்கும்."

"கேஸ் வருமோ?"

"பின்ன வராதா?"

பஸ் அமரவிளை தாண்டியதும் நாத்தனார் மறுபடியும் திரும்பினார். "செரி மைனி, படிப்பு தீரட்டு. நான் அவங்கள்ட்ட சொல்லிடுதேன்" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி, நாத்தனார் போனதும் கேட்டேன். "அக்கா, நெசமாவே அப்பிடி ஒரு சட்டம் உண்டா?"

"எனக்குத் தெரியாது மக்கா. பத்தாங்கிளாஸ் முடிஞ்ச உடனே என்னைக் கெட்டிக் குடுத்தப்போ, இப்பிடி ஒரு சட்டம் சொல்ல ஆளில்ல. அதான் இன்னைக்கு நான் சொன்னேன்."

பெயர்களை மாற்றியிருக்கிறேன். சட்டம் தெரிந்த நண்பர்கள், ஜெபா படிப்பை முடித்த பிறகு கமெண்ட் போட்டால் போதும்.