ரேசுக்குப் போகிற மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் ஒருவனைப் பற்றி "அவன் ரேசுக்குப் போறவன்" என்று சொல்லிவிட்டால் போதும், அவனுக்குப் பெண் கிடைக்காது. கண்டி டவுனில் ரேஸ் என்றால் குதிரை. குதிரை ஓடுவது எங்கோ சீமையில். இங்கே புக்கிக் கடையில் நின்று அதன்மேல் காசு கட்டுகிறவர்கள் அந்தக் குதிரையின் வாலைக்கூடக் கண்டதில்லை. சூது எங்கள் மார்க்கம் விலக்கிய ஹராம் என்பதால், எங்கள் ஆட்கள் தொப்பியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டுதான் அந்தக் கடைக்குள் நுழைவார்கள். ஆண்டவனுக்கு ஆளை அடையாளம் தெரியக் கூடாது அல்லவா!

எங்கள் சாச்சாவின் கலியாணம் சறுக்கியது இந்த ஒரு சொல்லில்தான்.

சாச்சா என்றால் சித்தப்பா, வாப்பாவின் தம்பி. அலவத்துகொடையில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு கராஜ் வைத்திருந்தார். ஒருநாள் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லொறி திருத்தப் போனவர், வரும்போது அந்த லொறியிலேயே ஒரு காரை ஏற்றிக்கொண்டு வந்தார். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை போட்டிகளில் ஓட்டிய ரேஸ் கார் அது. துரை கப்பலேறிய பிறகு, பங்களாவின் பின் கொட்டிலில் சாக்குகளுக்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்திருக்கிறது. கூரை இல்லை, கதவு இல்லை, லைட்டு இல்லை. இருந்த ஒற்றைச் சீட்டிலும் கோழி முட்டை இட்டிருந்தது.

"கோழிக்கூட்டுக்கு நாலு சில்லு பூட்டிக் கொண்டு வந்தீக்கிறார்" என்றாள் உம்மா.

எஞ்சின் துருவேறி இறுகிப்போயிருந்தது. அசைத்துப் பார்க்க வாப்பா சுத்தியலை எடுத்தார். சாச்சா பறித்து வைத்துவிட்டார். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளுக்குள் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டார். தினமும் விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, நோயாளியின் கையைப் பிடித்துப் பார்ப்பதுபோல் மெல்லத் திருப்பிப் பார்ப்பார். அசையாது. இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். கோபமே வராது. மழைக்காலம் முழுக்க இப்படியே போய், ஒரு காலையில் அது ஒரு விரற்கடை அசைந்தது. அவர் போட்ட சத்தத்தில், சின்னப் பெண்ணாயிருந்த நான் பாயிலிருந்து எழுந்து ஓடினேன்.

பிறகு வேலைக்குக் கணக்கில்லை. பெட்ரோல் டாங்கிக்குள் துரு. அதற்குள் ஆற்றுக் கல்லைப் போட்டு, பிள்ளைகளான எங்களை முற்றத்தில் உருட்டி விளையாடச் சொன்னார். புகைக்குழாய்க்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பிரேக்கின் ரப்பர்கள் பிஸ்கட்டாக நொறுங்கின. ஒவ்வொன்றாய் மாற்றி, கடைசியில் ஒருநாள் அந்தக் கார் உறுமியபோது கராஜின் தகரக் கூரை அதிர்ந்தது. அதற்குப் பிறகும் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். அவ்வருஷம் எப்படியாவது அதை ஒரு மலைப்பாதைப் போட்டியில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்த நேரத்தில்தான் கலகெதரையில் பெண் பேசினார்கள். பெண்ணை அவருக்குப் பிடித்திருந்தது. எப்படித் தெரியுமென்றால், அன்றிலிருந்து நகக்கண்ணில் இருக்கும் கிரீஸைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார்.

பெண்ணின் வாப்பா ஒரு ஹாஜியார், துணிக்கடைக்காரர். மாப்பிள்ளை பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தவர், இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "கராஜ் வேல முடிஞ்சா மறுகா என்ன செய்ற, மகன்?"

சாச்சாவுக்குப் பொய் வராது. "ரேஸ் தான் மாமா. இந்த வருஷம் எப்படியும் ரேசுக்குப் போகணும்."

ஹாஜியார் வட்டிலப்பத்தைத் திரும்ப வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு முழு வட்டிலப்பமும் எனக்குக் கிடைத்ததால், கலியாணம் நல்லபடி முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

மறுநாள் தரகர் சேதி கொண்டு வந்தார்: சூதாடிக்குப் பெண் கொடுக்க ஏலாது. அது குதிரை ரேஸ் இல்லை, கார் ரேஸ் என்று வாப்பா சொல்லியனுப்பினார். "குதிரைக்குப் பதிலா காரு ஓடினா சூது ஹலாலாகுமோ?" என்று பதில் வந்தது.

"அந்த இரும்ப வித்துத் தொலச்சிட்டுப் பொண்ண முடி. வண்டியா, பொண்ணா? ஒண்டச் சொல்லு" என்றார் வாப்பா.

சாச்சா எழுந்து கராஜுக்குப் போய்விட்டார். அன்றிரவு சோறும் தின்னவில்லை. இவரைத் தவிர வேறு மாப்பிள்ளை வேண்டாமென்று பெண் அழுவதாகத் தரகர் உம்மாவின் காதில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதனாலோ என்னவோ, ஹாஜியார் ஒரேயொரு தடவை வந்து தன் கண்ணால் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தார். இடுப்பில் வெள்ளைச் சாரம், மேலே வெள்ளைச் சட்டை, கையில் குடை. காரைச் சுற்றி வந்தார்.

"கதவெங்க?"

"இல்ல மாமா."

"ஒரு சீட்டுத்தான் ஈக்கு. எங்கட மகள எங்க வெக்கிற? தலக்கி மேலயா?"

"இது போட்டியில ஓட மட்டும்தான் மாமா. வீட்டுக்கு வேன் ஈக்கு."

"சரி, இதுல காசு யாரு கட்ற?"

"ஒருத்தரும் கட்றல்ல."

"போட்டியில வெண்டா?"

"ஒரு கோப்ப தருவாங்க."

"தோத்தா?"

"டயர் தேயும், மாமா."

ஹாஜியாரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "எங்க, ஓட்டிக் காட்டு" என்றார். சாச்சா ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். தினமும் ஊரைக் கூட்டுகிற கார் அன்றைக்கு ஊமையாக நின்றது. வாப்பாவின் முகம் செத்துவிட்டது.

சாச்சா தலையைச் சொறிந்தார். "பெட்டரி செரியில்ல போல. தள்ளினா வரும். ஒரு கை தாங்களேன் மாமா."

"ஹாஜியாரயாடா தள்ளச் சொல்ற?" என்று வாப்பா பல்லைக் கடித்தார்.

ஹாஜியார் குடையை என்னிடம் தந்துவிட்டுச் சாரத்தைத் தூக்கிக் கட்டினார். வாப்பா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முதல் தடவை தள்ளியதில் வரவில்லை. இரண்டாவது தடவை இருமியது, நின்றது. "இப்பிடி மேட்டுப் பக்கம் தள்ளினா எப்பிடி வார? பள்ளத்துக்குத் திருப்புங்க!" என்று ஹாஜியார் வாப்பாவை ஏசினார். மூன்றாவது தடவை வெடிபோலச் சத்தம். கரும்புகை அவரை அப்படியே மூடியது. புகை கலைந்தபோது கார் வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டையெல்லாம் கரிப்புள்ளியோடு ஹாஜியார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"போகுது! போகுது!" பாதையில் போன ஒருவரை நிறுத்தி, "நான் தள்ளினது!" என்றார்.

பிறகு ஹாலில் கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணியைக் குடித்தபடி வாப்பாவுக்கே பாடம் எடுத்தார்: "அத ஓட்டாம சும்மா வெக்கப் படாது. வெச்சா மறுகாவும் இறுகிப் போகும். பெட்டரிய நான் பாத்து வாங்கித் தாறன். ரேஸ் எப்ப? நானும் வாறன் ரேசுக்கு."

கலியாணத்துக்கு நாள் குறிக்கும் பேச்சுத் தொடங்கியது. அதைச் சொல்ல நான் கராஜுக்கு ஓடினேன். ஓட்டிவிட்டுத் திரும்பி வந்திருந்த சாச்சா குனிந்து, பெட்டரி வயரின் ஆணியை ஸ்பெனரால் முறுக்கிக்கொண்டிருந்தார். ஜும்ஆவுக்குப் போகுமுன் அதே ஆணியை அவரே தளர்த்தியதை நான் பார்த்திருந்தேன்.

"காலைல நீங்கதானே சாச்சா இதக் கழட்டின?"

"அப்பிடியா? மறந்தே போச்சு, மகள்" என்று பொத்தானை அழுத்தினார். கார் உடனே உறுமியது.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. இவ்வளவு மறதி உள்ள மனிதனுக்கு வீட்டில் யாராவது ஞாபகப்படுத்த வேண்டாமா? பெரியவர்களிடம் சொல்லிவிடலாம் என்று ஹாலுக்கு ஓடினேன். பெண்கள் நிற்கும் திரையடியில் உம்மா பிடித்துக்கொண்டாள். அவள் காதில் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தவள், தட்டிலிருந்து ஒரு முழுக் கட்லட்டை எடுத்து என் வாயில் திணித்தாள். விருந்தாளி போகும்வரை பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காத வீட்டில், முழுக் கட்லட்! உம்மாவுக்கும் சாச்சாவை நினைத்துக் கவலைதான் போலும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள்.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு, சாச்சாவின் மறதி தீர வேண்டும் என்று நான் வெகுநேரம் துஆக் கேட்டேன்.