நிழலில் விரித்த ஈச்சம்பாய்

எங்கள் மீன் குளத்துக் கொட்டகையில் ஓர் ஈச்சம்பாய் உண்டு. எவ்வளவு கழுவினாலும் அதன் இடுக்குகளில் படிந்த மஞ்சள் கறை போவதில்லை. அது மாம்பழக் கறை. பங்காருபாளையத்துத் தோப்புக்கார வீட்டிலிருந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த அண்ணி, பாத்திரம் பண்டங்களோடு அந்தப் பாயையும் கொண்டுவந்தார். மாம்பழக் கூழை அதில் மெல்லிசாகத் தடவி, வெயிலில் காயக் காய மேலும் தடவி, தாண்ட்ரா செய்கிற பாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சத்தியவேட்டுப் பக்கம் அண்ணன் வெட்டிய குளம் அது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். புது ஆள் ஒருவர் பேர் கேட்டாலே எனக்கு வேர்த்துவிடும். மீன்கள் எதுவும் கேட்காது என்பதால் குளத்து வேலை எனக்கு ஒத்துப்போயிற்று. காலையில் தெப்பத்தில் போய், அடியில் ஓட்டை போட்ட தீவனப் பைகளை மூங்கில் கழிகளில் கட்டித் தண்ணீரில் இறக்குவேன். கட்லாவும் ரோகுவும் பையை முட்டி முட்டி, ஓட்டை வழியே உறிஞ்சித் தின்னும். மத்தியானத்துக்குள் பைகள் காலியாகி மேலே மிதந்தால் குளம் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வருடம் பைகள் மிதக்கவில்லை. சாயங்காலம் தூக்கினால் பாதித் தீவனம் ஊறிப்போய்க் கனத்தது. மீன்கள் தலை பெருத்து உடம்பு மெலிந்திருந்தன. சிலவற்றுக்குச் செதிலோரம் சிவந்திருந்தது. அண்ணன் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: “இந்த வாட்டியும் இப்டியே போச்சின்னா குளத்த குத்தகைக்கு வுட்டுட வேண்டிதுதான். உனக்கு ஸ்ரீசிட்டில வாட்ச்மேன் வேல சொல்லி வச்சிக்கிறேன்.”

கம்பெனி கேட்டில் நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் பேர், ஊர் கேட்கிற வேலை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி என் தட்டைப் பார்த்தார். “மீனும் துன்ன மாட்டேங்குது, நீயும் துன்ன மாட்டேங்கிற. ரெண்டுத்துக்கும் சேத்து ஒரே மருந்தா வாங்கினு வரேன், இரு.”

மறுநாளே சூளூர்பேட்டைக்குப் பஸ் ஏறி, மீன் தீவனக் கடையிலிருந்து ஒரு பொடி வாங்கி வந்தார். அதற்குள் உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள் இருக்கின்றனவாம். மீனின் குடலுக்குள் போய், தின்றதைச் செரிக்க வைத்து, நோயை அண்டவிடாமல் செய்யுமாம். “தயிருக்கு உறமோரு மாதிரின்னு வச்சிக்கயேன்” என்றார். வெல்லத் தண்ணீரில் கலக்கி, தவிடும் புண்ணாக்கும் சேர்ந்த தீவனத்தில் தெளித்து, காயவைத்துப் போடச் சொல்லியிருந்தார் கடைக்காரர்.

தாண்ட்ரா வீட்டுப் பெண்ணுக்குக் காயவைப்பது என்றால் என்ன? உச்சி வெயில்தான். அண்ணி ஈச்சம்பாயைக் கரைமேல் விரித்து, தீவனத்தை உள்ளங்கையால் அத்தனை அழகாகப் பரப்பினார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு காக்கை விரட்டினார். கட்டாந்தரையே சுடும் வெயிலில், மொறுமொறுவென்று ஆகும்வரை விடமாட்டார்.

“மீனுக்குத் தாண்ட்ரா போடுறியா?” என்றார் அண்ணன்.

“போட்டா இன்னா? உங்க தம்பிதான் வாயத் தொறக்க மாட்டேங்குது. மீனாவது தொறக்கட்டும்.”

மீன்களும் திறக்கவில்லை. பைகள் பழையபடி கனத்தன. அண்ணியின் கேலியும் குறைந்துபோயிற்று. அண்ணன் குத்தகைக்காரரை வரச்சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பழவேற்காட்டு ஏரிப் பக்கமிருந்து மழை வந்தது. விட்டுவிட்டு, வாரக்கணக்கில் பெய்தது. வெளியே விரிக்க வழியில்லாமல் அண்ணி பாயைக் கொட்டகைக்குள் போட்டு, மின்விசிறிக் காற்றில் தீவனத்தை உலர்த்தினார். சரியாகக் காயவில்லையே என்று புலம்பிக்கொண்டேதான் என்னிடம் கொடுப்பார். மேகம் மூடிய நாளில் மீன் குறைவாகத்தான் தின்னும் என்பதால் நானும் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் வழக்கம்போலப் பலம் கொடுத்துப் பையை இழுத்தேன். அது பஞ்சுபோல வந்தது. நான் தெப்பத்தில் மல்லாந்து விழுந்தேன். எழுந்து பார்த்தால், குளம் நெடுகப் பைகள் மிதந்துகொண்டிருந்தன.

“அண்ணி, பை காலி” என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

அண்ணி கரைக்கு ஓடிவந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைக்காரருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். அவர் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. “உயிரோட இருக்கறத வெயில்ல போட்டு வறுத்துட்டியாம்மா? நெழல்லதான் ஆறவைக்கணும்.”

அண்ணி அப்படியே கரைமேல் உட்கார்ந்துவிட்டார். “தயிர எவளாவது வெயில்ல காயவைப்பாளா தம்பி? நான் காயவச்சிக்கிறேன் பாரு” என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் தப்பைப் பார்த்து அப்படி வாய்விட்டுச் சிரிக்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. குத்தகைக்காரர் வந்தபோது அவருக்குக் காபி மட்டும் கிடைத்தது.

அந்த அறுவடையில் வலையை ஒடுக்க ஒடுக்க, கட்லாக்கள் எங்கள் தோள் உயரத்துக்குத் துள்ளின. அண்ணன் வாட்ச்மேன் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. மத்தியானம் குழம்பிலிருந்த பெரிய மீன் தலையை எடுத்து அண்ணியின் தட்டில் வைத்தார்.

இப்போது அண்ணி, அண்ணனோடு திருப்பதியில், வேலைக்குப் போகும் மகள் வீட்டில் இருந்து பேரனைப் பார்த்துக்கொள்கிறார். குளம் என் பொறுப்பு. பாலசமுத்திரத்திலிருந்துகூடக் குளம் வைத்திருப்பவர்கள் தீவனக் கலவை கேட்டு வருகிறார்கள். நான் பேர் கேட்டு, ஊர் கேட்டு, எல்லாம் விளக்கிச் சொல்லி அனுப்புகிறேன். இன்னும் வேர்க்கத்தான் செய்கிறது.

இன்று காலையும் அண்ணி போன் செய்தார். வந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். “நிக்க கேட்டுதான் இல்ல. மத்தபடி வாட்ச்மேன் வேலதான் பாத்துகினு கீற” என்றார். பிறகு, தினமும் கேட்பதைக் கேட்டார்: “பாய எங்க விரிச்சிக்கிற?”

“நெழல்லதான் அண்ணி.”

மஞ்சள் கறைமேல் தீவனம் உலர்ந்துகொண்டிருந்தது. எதிரே தண்ணீரில் பைகள் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன.