ஆய்வகக் கட்டணத்துக்கு வாப்பா கேட்ட கணக்கு

என் வாப்பா ஷேக் மைதீன் மவுத்தாகி நாற்பது நாள் கழிந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர், அவர் எதையும் லேசில் நம்பாத மனிதர் என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். உண்மைதான். மீன் வாங்கினால் செவுளை அவரே விரித்துப் பார்ப்பார். பால்காரர் அளந்து ஊற்றியதை வீட்டுப் படியில் மறுபடி அளப்பார்.

மேலப்பாளையத்தில் அவர் பீடிக் கடை நடத்தினார். கம்பெனியிலிருந்து இலையும் தூளும் வாங்கிப் பெண்களிடம் கொடுத்து, அவர்கள் சுற்றிக் கொண்டுவரும் பீடியைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை. சாயங்காலம் பெண்கள் தட்டுகளோடு வரிசையில் நிற்பார்கள். வாப்பா பீடிகளை ஒவ்வொரு கட்டாகக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். தளர்ந்தது, நுனி சரியாக மடியாதது எல்லாம் பக்கத்துக் கூடைக்குப் போகும். அதற்குக் கழிவு என்று பெயர். கழிவுக்குக் கூலி கிடையாது.

தொண்ணூற்றாறில் அவர் மகள் நான் பொருநைப் பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ. மூன்றாம் வருடம். அரசுப் பல்கலைக்கழகம்தான், ஆனால் எங்கள் வகுப்பு சுயநிதிப் படிப்பு. தமிழும் வரலாறும் படிக்கிறவர்கள் வருடத்துக்குச் சில நூறு ரூபாய் கட்டினால் போதும். எங்களுக்கு ஒரு பருவத்துக்கே ஏழாயிரம். அந்த ஜூலையில், ஆய்வக வளர்ச்சிக் கட்டணம் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரமாகிறது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது.

யார் முடிவு செய்தது என்று வாப்பா கேட்டார். சிண்டிகேட், அதாவது பல்கலைக்கழக ஆட்சிக்குழு என்றேன். ஏன் மூவாயிரம், ஏன் இரண்டாயிரத்து எண்ணூறு இல்லை என்றார். எனக்குத் தெரியவில்லை. ஆய்வகத்தில் எத்தனை கம்ப்யூட்டர் என்றார். பதினொன்று, அதில் நான்கு ஓடாது, போன வருடமும் அவ்வளவுதான் என்றேன்.

என் பேச்சையும் அவர் நம்பவில்லை. மறுநாள் என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டார். ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசி குளிரில் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டு எண்ணினார். பதினொன்று. பிறகு ஒவ்வொரு கட்டடமாகப் போய் அறிவிப்புப் பலகைகளைப் படிக்கத் தொடங்கினார். என் வகுப்புப் பையன்கள் சிரித்தார்கள். அவர் எதைத் தேடுகிறார் என்பது, கட்டணப் பிரிவுக் கண்காணிப்பாளர் அம்மையப்பன் முன்னால் போய் நின்றபோதுதான் எனக்கே விளங்கியது.

"கணக்கை எங்க சார் ஒட்டியிருக்கிய?"

"என்ன கணக்கு, அண்ணாச்சி?"

"போன வருசம் பிள்ளைய கட்டுன ஆய்வகத் துட்டு. எங்க பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சிக்கு வாங்குன அரிசி வரைக்கும் எழுதி வாசல்ல ஒட்டுதோம்."

அம்மையப்பன் முதலில் சிரித்தார். பிறகு வாப்பாவை உட்காரச் சொல்லிப் பொறுமையாகவே விளக்கினார். அந்தப் பணம் தனியாக இருக்காது, பொது நிதியில் சேர்ந்துவிடும். அரசு மானியம் தாமதமாக வரும், குறைவாகவும் வரும். அதனால் மற்றத் துறைகளின் பகுதிநேர ஆசிரியர் சம்பளம், சுற்றுச்சுவர், விருந்தினர் மாளிகைக்கு வெள்ளையடித்தது எல்லாம் அதிலிருந்துதான்.

"யாரும் பைசா திங்கல, அண்ணாச்சி. எல்லா யுனிவர்சிட்டியிலயும் இப்படித்தான். எல்லாம் தீர்மானம் போட்டுத்தான் செலவாவுது."

"பேரு ஒண்ணு, செலவு ஒண்ணு. அதுக்குத் தீர்மானம் வேறயா?" என்று எழுந்துவிட்டார் வாப்பா.

கணக்கைக் காட்டாமல் கட்டமாட்டேன் என்பது அவர் முடிவு. மூவாயிரமும் பீரோவில் இருந்தது. கட்டாதவர்களுக்குப் பரீட்சை ஹால் டிக்கெட் கிடையாது என்று இரண்டாவது அறிக்கை வந்தது. அப்போதும் அசையவில்லை. அம்மையப்பன் புதிதாக ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, அவர் தெருவரை போய் விசாரித்துவிட்டு வந்தார். கூட்டுறவுச் சங்கக் கடன் என்றார்கள். அதையும் அவர் முழுதாக நம்பவில்லை. உம்மா அழுதாள். ஒரு வருடம் வீணாகப் போகப்போகிறது என்று நான் சாப்பாட்டை ஒதுக்கினேன்.

அபராதத்தோடு கட்டுகிற கடைசித் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, சாயங்கால வரிசையில் நின்ற பெண்களிடம் வாப்பா பல்கலைக்கழகக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னபடியே கட்டுகளை அழுத்திக்கொண்டும் இருந்தார். ஹமீது பீவியின் மூன்று கட்டுகள் கூடைக்குள் விழுந்தன. வாப்பாவைவிட மூத்தவள் அவள். பைய, சண்டைக்கு வருகிற தொனியே இல்லாமல் கேட்டாள்.

"ஏன் தம்பி, எங்க கழிவெல்லாம் எங்க போவுதுன்னு நீங்க எந்தச் சுவத்துல ஒட்டியிருக்கிய?"

பின்னால் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. வாப்பா அந்த மூன்று கட்டுகளையும் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எனக்கு மட்டும்னா வேண்டாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை தோறும் பேட்டை வியாபாரி ஒருவர் வந்து கழிவுக் கூடையை எடை போட்டு எடுத்துப் போவார். அந்தப் பணம் பீரோவின் மேல்தட்டுக்குப் போகும். என் கட்டணமெல்லாம் அந்தத் தட்டிலிருந்துதான் வந்தது. மூன்று வருடமாக அதைப் பார்த்தவள் நான். ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்றே நினைத்திருந்தேன். பல்கலைக்கழகத்திலும் அப்படித்தானே சொன்னார்கள்.

அன்று இரவு வாப்பா பீரோவைத் திறந்து அந்த மூவாயிரத்தை எடுத்து எண்ணினார். மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய், தாமத அபராதத்தோடு பணத்தைக் கட்டினார். அம்மையப்பன் அவரை அடையாளம் கண்டு, ஏதோ மனம் இளகினவர்போல், மனு ஒன்று எழுதிக் கொடுத்தால் ஆய்வகத் தலைப்பில் வரவு செலவு என்ன என்று பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்கிறேன் என்றார். மேசையில் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தும் வைத்தார்.

வாப்பா அந்தத் தாளை அவர் பக்கமே தள்ளி வைத்தார்.

"வேண்டாம் சார். ரசீதை மட்டும் தாங்க."

ரசீதைப் படிக்காமலே மடித்து என்னிடம் கொடுத்தார். ஹால் டிக்கெட் வாங்க நான்தான் வரிசையில் நின்றேன்.